நாலாம் லைன் பாட்டு

சந்திரம்மாளுக்குத் தொண்டை நல்லது. மற்ற விஷயங்களில் ஊருக்கு இரண்டு கருத்து உண்டு. குழம்பில் உப்பு ஜாஸ்தி போடுவாள் என்பார்கள், வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். தொண்டையை மட்டும் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. படப்பையிலிருந்து ஒரகடம் போகிற வழியில் சாலமங்கலத்தில் பிறந்து, அதே சாலமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். செங்கல் சூளையில் கல் சுமந்தாள். அடுக்குமாடி எழும்பிய இடங்களில் சித்தாள் வேலை பார்த்தாள். ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவினாள். நாற்பதைத் தாண்டிய பிறகுதான், காருக்கு ஒயரிங் செய்கிற கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, நீலச் சட்டை மாட்டிக்கொண்டு நாலாம் லைனில் நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள். அந்த வேலையில் உட்காருவது கேன்டீனிலும் பஸ்ஸிலும்தான்.

லைன் வேலை இப்படி. பெரிய சாய்வுப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக நகர்ந்து வரும். ஒவ்வொருத்தியும் தன் முன்னால் வருகிற பலகையில் தன் பங்குக் கம்பிகளைப் படுக்க வைத்து, அவற்றின் முனைகளைப் பிளாஸ்டிக் கனெக்டரின் ஓட்டைகளுக்குள் செருகி அனுப்ப வேண்டும். சேர்ந்த அன்றைக்கே ஒரு மந்திரம் சொல்லித் தருவார்கள்: தள்ளு, கேளு, இழு. முனையைத் தள்ள வேண்டும், 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்க வேண்டும், பிறகு லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். கோளாறு ஏதாவது தெரிந்தால் தலைக்கு மேல் தொங்கும் பட்டனை அழுத்தலாம். லைன் நிற்கும். மேலே ஸ்பீக்கரில் ஒரு மெட்டு ஒலிக்கும். சூப்பர்வைசர் ஓடிவந்து பார்த்துச் சரிசெய்து அணைக்கிறவரை அது ஒலித்துக்கொண்டே இருக்கும். எந்த லைனில் கோளாறு என்று காதாலேயே தெரிந்துகொள்வதற்காக லைனுக்கு ஒரு மெட்டு. வெளிநாட்டு முதலாளிகள் கொண்டுவந்த வழக்கம். ஆரம்பத்தில் மெட்டுகளும் அவர்கள் ஊர்ச் சரக்குதான், ஐஸ் வண்டி வருகிற மாதிரி இருக்கும்.

நாலாம் லைனுக்கு மட்டும் தமிழ்ப்பாட்டு கிடைத்தது சந்திரம்மாளால். ஒரு ஆயுத பூஜை அன்று மைக்கைப் பிடித்து அவள் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாடினாள். சூடம் ஏற்ற வந்த மேனேஜர் தட்டோடு நின்றுவிட்டார். அவருடைய அப்பா சவரம் செய்யும்போதெல்லாம் பாடுகிற பாட்டாம். அடுத்த வாரமே நாலாம் லைன் ஸ்பீக்கரில் ஐஸ் வண்டி போய், அந்தப் பாட்டின் மெட்டு வந்துவிட்டது.

கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு அது. படத்தின் பெயர் பாதிப் பேருக்கு ஞாபகமில்லை, பாட்டு எல்லோருக்கும் தெரியும். ஆலை மூடி வேலை போன ஒருவன் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவான். அரிசி இல்லாத வீட்டில் பெண்டாட்டி வெறும் தண்ணீரை உலை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள், பிள்ளைகள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகட்டும் என்று. அவன் பாடுவான்: 'தண்ணி கொதிக்கட்டும் தங்கமே, நாளை அரிசி வரும். கதவைச் சாத்தாதே கண்மணி, காலம் நடந்து வரும்.' ஜனங்கள் ரேஷன் கடை வாசலில் பைகளோடு காத்துக்கிடந்த வருஷங்களில் வந்த பாட்டு. கொட்டகையில் அந்தக் கட்டம் வந்தால் விசிலுக்குப் பதில் விசும்பல்தான் கேட்குமாம். அதற்குப் பிறகு நாட்டில் எந்தக் கஷ்டகாலம் வந்தாலும் இந்தப் பாட்டும் கூடவே வந்துவிடும். கட்சிக்காரன் மேடையிலும் போடுவான், கல்யாணக் கச்சேரியிலும் பாடுவார்கள். கேட்கிறவனுக்கு, பரவாயில்லை, நமக்கும் விடியும் என்று தோன்றும். சந்திரம்மாள் அதைச் சூளைக்குப் பக்கத்து டீக்கடை ரேடியோவில் பிடித்தாள். மழைக்காலத்தில் சூளை அணைந்து வேலையில்லாமல் கிடந்த நாட்களில் அதை வாய்க்குள் பாடிப் பாடியே ஓட்டியவள் அவள். அவள் பாடினால் அது சினிமாப் பாட்டு மாதிரி இருக்காது, பக்கத்து வீட்டுக்காரி வந்து தைரியம் சொல்கிற மாதிரி இருக்கும்.

போன வருஷக் கடைசியில் கஷ்டகாலம் ஒரகடத்துக்கும் வந்தது. யாரோ எங்கேயோ வரி போட்டார்களாம், வெளிநாட்டில் கார் வாங்குகிறவன் கையை இழுத்துக்கொண்டானாம். காரணத்தை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நடந்தது என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான். ஓ.டி. போயிற்று. சனிக்கிழமை ஒன்றுவிட்டு ஒன்று லீவு ஆயிற்று. இரண்டு பஸ் ஓடிய வழித்தடத்தில் ஒரே பஸ் ஓடியது, அதில் எள் போட்டால் விழாத கூட்டம். சந்திரம்மாளின் புருஷன் நரசிம்மன் மறைமலை நகர்ப் பக்கம் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் இருந்தான். தீபாவளிக்குப் பூட்டிய அந்தக் கம்பெனியைப் பொங்கலுக்கும் திறக்கவில்லை. வீட்டில் சம்பளம் கொண்டுவருகிற ஆள் சந்திரம்மாள் ஒருத்திதான் என்றாகிவிட்டது.

அந்த நெரிசல் பஸ்ஸில்தான் பாட்டுக்கு மறுபடி உயிர் வந்தது. யாராவது ஒருத்தி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏறினால் போதும், பின்னாலிருந்து குரல் கேட்கும்: "பாட்டுக்காரக்கா, உலைய வைங்க!" சந்திரம்மாள் கம்பியைப் பிடித்து நின்றபடியே ஆரம்பிப்பாள். தென்காசி, சங்கரன்கோவில் என்று எங்கெங்கிருந்தோ வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற சின்னப் பெண்கள், அந்தப் படத்தைப் பார்க்கவே பார்க்காதவர்கள், 'நாளை அரிசி வரும்' என்ற இடத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொள்வார்கள். டிரைவர்கூட ஹாரன் அடிக்க யோசிப்பான்.

அவர்களில் ஒருத்தி சுகப்பிரியா. தென்காசிப் பக்கத்துப் பெண், டிப்ளமோ படித்தவள். லைனில் சந்திரம்மாளுக்கு அடுத்த ஸ்டேஷன், அதாவது நிற்கிற இடம், அவளுக்கு. சந்திரம்மாள் தன் கம்பிகளைச் செருகி அனுப்புகிற அதே கனெக்டரில் அவள் மீதிக் கம்பிகளைச் செருகி, மேலே பூட்டுத் தகட்டை அழுத்தி மூட வேண்டும். அவளுக்கு அம்மை போட்டுக் கிடந்தபோது ஹாஸ்டலுக்கு இளநீரும் மோரும் கொண்டுபோய்க் கொடுத்தவள் சந்திரம்மாள். அதற்கு நன்றிக்கடன் என்று அந்தப் பெண் வாயால் எதுவும் சொன்னதில்லை. கையால் செய்தாள்.

என்ன செய்தாள் என்றால், சந்திரம்மாளின் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்ச காலமாகவே மரத்துப்போயிருந்தன. வருஷக்கணக்கில் தள்ளித் தள்ளி வந்த வினை. முனை பூட்டிக்கொண்டதா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது, லைன் இரைச்சலில் காதுக்கும் பாதிதான் கேட்கும். சுகப்பிரியா அதைக் கவனித்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. தன் வேலையோடு வேலையாக அக்காவின் கம்பிகளையும் ஒரு இழு இழுத்துப் பார்த்து, தளர்ந்திருந்தால் தானே தள்ளிவிட்டு, பிறகு பூட்டை மூடுவாள். சந்திரம்மாளுக்கும் இது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள். அப்படி இருப்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருந்தது, ஆனால் கூச்சத்துக்குப் பயந்து வேலையை விட முடியுமா?

தை மாதம் ஒரு காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் ஜெபகுமார் பேசினான். குன்றத்தூர்க்காரன், நல்லவன், யாரையும் வாடி போடி என்று பேசாதவன். மேலிடத்தில் சொல்லச் சொன்னதை அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கான்ட்ராக்ட்ல கொஞ்சம் பேரைக் குறைக்கச் சொல்றாங்க. எந்த ஸ்டேஷன்ல பட்டன் ஜாஸ்தி அழுத்துறாங்களோ அதத்தான் மொதல்ல பாப்பாங்க. பாத்து நடந்துக்கங்க."

அன்றிலிருந்து நாலாம் லைனில் பாட்டு நின்றுபோனது. முன்பெல்லாம் ஒரு ஷிப்டில் பல தடவை கேட்ட மெட்டு, இப்போது நாள் முழுக்கக் கேட்காது. கோளாறு வராமல் இல்லை. கம்பி பிசகினால் பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுத்துக் கமுக்கமாகச் சரி செய்துகொண்டார்கள். பஸ்ஸில் தொண்டை கிழியப் பாடுகிற அதே பாட்டு, லைனில் எங்கே ஒலித்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டு நின்றார்கள். இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை.

ஒரு நாள் சந்திரம்மாளுக்கு முந்தின இடத்தில் நிற்கிற பெண் வரவில்லை. மாற்று ஆள் தரவில்லை. அவள் பங்கு வேலையை இருவரும் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டார்கள். மஞ்சள் கம்பி சந்திரம்மாளுக்கு, மிச்சமெல்லாம் சுகப்பிரியாவுக்கு. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு மூச்சுவிட நேரமில்லை. அக்காவின் கம்பிகளை இழுத்துப் பார்க்கவும் நேரமில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பலகை வந்தது. சந்திரம்மாள் மஞ்சள் கம்பியைத் தள்ளினாள். சத்தம் கேட்கவில்லை. இன்னொரு தடவை தள்ளினாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. பலகை நகர்ந்துகொண்டிருந்தது. கை பட்டனை நோக்கிப் போனது. போன கை பாதியில் நின்றது. ஜெபகுமார் அப்போது இரண்டு பலகை தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தான். பாட்டு ஒலித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், என்னக்கா என்று கேட்பான், விரலைக் காட்ட வேண்டிவரும். அவள் கையை இறக்கிக்கொண்டாள். பலகை சுகப்பிரியாவிடம் போனது, பூட்டு மூடிக்கொண்டது, போய்விட்டது. கடைசியில் கரன்ட் விட்டுச் சோதிக்கிற இடத்திலும் தப்பிவிட்டது, ஏனென்றால் முனை தொட்டுக்கொண்டுதான் இருந்தது, பூட்டிக்கொள்ளவில்லை.

சில வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அது திரும்பி வந்தது. கார் கம்பெனியிலிருந்து, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள். மஞ்சள் கம்பி பின்னால் நழுவி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒட்டியிருந்த பார்கோடு தேதியையும் லைனையும் சொல்லிவிட்டது. ஜெபகுமாரும் குவாலிட்டிக்காரர் ஒருவரும் அதைத் தூக்கிக்கொண்டு லைனுக்கே வந்துவிட்டார்கள்.

"இந்தப் பூட்டு யாரு போட்டது?" என்று குவாலிட்டிக்காரர் கேட்டார்.

"நாந்தான் சார்" என்றாள் சுகப்பிரியா.

"செக் பண்ணாம எப்படிம்மா மூடுன?"

அவள் தொங்குகிற மஞ்சள் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெபகுமார் சந்திரம்மாள் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க பக்கத்துல தானே இருந்தீங்க? அன்னைக்கு இன்னா ஆச்சின்னு ஏதாவது தெரியுமா?"

சந்திரம்மாளுக்கு அந்தப் பலகை, நின்ற கை, எல்லாம் கண்முன் நின்றது. "தெரியாது சார்" என்றாள். "நான் என் வேலையப் பாத்துகினு இருந்தேன்."

சுகப்பிரியா ஒரே ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபமான பார்வை என்றால் சந்திரம்மாள் தாங்கியிருப்பாள். அது வெறுமனே பார்க்கிற பார்வை. வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடும்படி அந்தப் பெண்ணிடம் மத்தியானமே சொல்லிவிட்டார்கள்.

ஆக, கையில் மூன்று நாள் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண்ணின் வேலை நிலைக்கும், சொல்லாவிட்டால் தன் வேலை நிலைக்கும். சந்திரம்மாள் அன்றிரவு தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தாள். அவள் சின்னப் பெண், படித்தவள், வேறு கம்பெனியில் சேர்ந்துவிடுவாள். எனக்கு இந்த வயதில், இந்த விரலோடு யார் வேலை கொடுப்பார்கள்? எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை டீ நேரத்தில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஜெபகுமாரின் மேஜைக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அந்த வாரத்தில் அவன் யாரிடமும் நல்ல சேதி சொல்லியிருக்கவில்லை, பாவம்.

"நானே கூப்டணும்னு இருந்தேங்க்கா. உங்க கான்ட்ராக்ட்ட ரெனியூ பண்ணச் சொல்லி எச்.ஆர்.கிட்ட பேசிட்டேன். இந்த மாசம் பூரா உங்க ஸ்டேஷன்ல ஒரு தடவகூட பட்டன் அழுத்தல. உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும்."

"ரொம்ப தாங்க்ஸ் சார்" என்று தான் சொல்வது சந்திரம்மாளுக்கே கேட்டது.

"நீங்க இன்னா விஷயமா வந்தீங்க?"

"கையுறை கிழிஞ்சிடுச்சி சார். புதுசு ஒண்ணு..."

அவன் டிராயரைத் திறந்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தான். கிழியாத பழைய கையுறையைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, புதியதை மாட்டிக்கொண்டு அவள் லைனுக்குத் திரும்பினாள். சுகப்பிரியா அந்தப் புதுக் கையுறையைப் பார்த்தாள். பிறகு அன்றைக்கும் அக்காவின் கம்பிகளை வழக்கம்போல ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பூட்டை மூடினாள். வேலை போகப்போகிற பெண்ணுக்கு இது என்ன தலையெழுத்து? அதைக் கண்டும் காணாமல் நின்றவளை என்னவென்று சொல்ல? சந்திரம்மாளே தன்னை அன்று நல்ல வார்த்தையில் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நரசிம்மன் போனில் அதே பாட்டைப் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். வேலை போனதிலிருந்து சமையல் அவனுடையது.

"அத்த நிறுத்து" என்று சீறினாள் சந்திரம்மாள்.

"இன்னாடி, உம் பாட்டுதானே?"

"நிறுத்துன்னா நிறுத்தேன்!"

நிறுத்திவிட்டு அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மரத்த விரலை அவன் முன் நீட்டினாள், அதுவரை அவனிடமும் அதை மறைத்திருந்தாள். அவன் அந்த விரலைப் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னான்: "வாயத் தொறக்காத. நீயும் வந்து வூட்ல குந்திகினா நம்ம கதி இன்னா? அது சின்னப் பொண்ணு, படிச்ச பொண்ணு. வேற கம்பெனில சேந்துக்கும்."

அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட அதே வார்த்தைகள். தன் தலைக்குள் இருந்தவரை நியாயமாகத் தெரிந்தது, அவன் வாயிலிருந்து வந்தபோது நாற்றமடித்தது. அவனைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை, எல்லாம் அவள் சரக்குதானே. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சுகப்பிரியா அடையாள அட்டையைக் கழற்றி கேட்டில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள். அவள் கண் கலங்கியிருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். சந்திரம்மாள் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. முன்பக்கம் போய் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பஸ் ஒரகடம் சந்திப்பைத் தாண்டியதும் அவள் எது நடக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாளோ அது நடந்தது.

"பாட்டுக்காரக்கா!" என்று ஒரு குரல். "சுகப்பிரியா ஊருக்குப் போறா. அவளுக்காக ஒரு தடவ உலைய வைங்க!"

"தொண்டை கட்டியிருக்குடி" என்றாள் சந்திரம்மாள்.

விட்டார்களா? ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடுவுக்குக் கொண்டுவந்து சுகப்பிரியாவின் எதிரிலேயே நிறுத்தினார்கள். பஸ் முழுக்கக் கை தட்டியது. வேறு வழியில்லாமல் ஆரம்பித்தாள். 'தண்ணி கொதிக்கட்டும் தங்கமே' வந்தது. 'நாளை' என்றாள். அதற்குமேல் வரவில்லை. எதிரில் அந்தப் பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு நேராக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்தான். இப்போது சொல்லிவிடலாம் என்று சந்திரம்மாளுக்குத் தோன்றியது. வார்த்தைகள்கூடத் தொண்டைக்கு வந்துவிட்டன: அது நான் வுட்ட கம்பி. இவ்வளவுதான். இதற்குப் பாட்டைப் போலச் சுருதி வேண்டாம், தாளம் வேண்டாம். வாயைத் திறந்தால் போதும்.

"ஐயோ, அக்கா அழுவுறாங்க" என்றாள் யாரோ. "பிரியா மேல அவங்களுக்கு எவ்ளோ பாசம் பாருங்கடி!"

அந்தப் பேச்சு அவளைச் சாய்த்துவிட்டது. இவ்வளவு பேரும் தன்னைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போது, இந்த முகங்களுக்கு முன்னால், அந்தச் சொல்லை எப்படி வெளியே விடுவது? சந்திரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். விட்ட இடத்திலிருந்து எடுத்து, கடைசி வரை பாடினாள். அவ்வளவு நன்றாக அவள் அதற்கு முன்னால் பாடியதே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சுகப்பிரியாவும் கை தட்டினாள். ஹாஸ்டல் நிறுத்தத்தில் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சந்திரம்மாளின் கையைப் பிடித்துவிட்டு இறங்கினார்கள். அவள் வெட்கத்தில் செத்தாள்.

மறுநாள் வேலை உள்ள சனிக்கிழமை. அவளுடைய பக்கத்து இடத்தில் புதிதாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வேறு லைனிலிருந்து மாற்றியிருக்கிறார்கள். அவள் தன் வேலையை மட்டும் செய்தாள், யார் கம்பியையும் இழுத்துப் பார்க்கவில்லை. சந்திரம்மாளால் ஒரு மணி நேரம்கூட அங்கே நிற்க முடியவில்லை. போய் ஜெபகுமாரிடம் சொல்லிவிட்டாள். விரல், மஞ்சள் கம்பி, பாதியில் இறங்கிய கை, எல்லாவற்றையும்.

அவன் கேட்டுவிட்டு நாலாபக்கமும் பார்த்தான். "வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. காரணம் இன்ன ஆளு, தூக்கிட்டோம்னு கார் கம்பெனிக்கு எழுதி அனுப்பிச்சாச்சி. இப்போ போயி அது இல்ல, வேற ஆளுன்னா, உங்களோட சேத்து என்னையும் தூக்கிடுவாங்க." அவன் குரல் கெஞ்சியது. "செவ்வாக்கிழம நான் கேட்டப்பவே சொல்லியிருந்தீங்கன்னா, ஏதாவது பண்ணியிருப்பேன்க்கா. ரெண்டு பேரையும் வேற ஸ்டேஷனுக்கு மாத்தி, எதையாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன்."

அவன் பொய் சொல்கிறானா நிஜம் சொல்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. எச்.ஆர். அறை மாடியில் இருந்தது, படிக்கட்டு எதிரிலேயே இருந்தது. யாரும் மறிக்கவில்லை. ஏறிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் லைனுக்குத் திரும்பி வந்து கையுறையை மாட்டிக்கொண்டாள். இதை நான் மூடி மறைத்துச் சொல்ல விரும்பவில்லை, அவள் மாடி ஏறவில்லை.

சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போனாள். சுகப்பிரியா பெரிய பையோடு வாசலில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தாள், தாம்பரம் போய் ஊர் பஸ் பிடிக்க வேண்டும். சந்திரம்மாளைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த பேச்சு சந்திரம்மாளுக்கு மறந்துவிட்டது.

"அந்த மஞ்சக் கம்பி நான் வுட்டதுடி" என்றாள் மொட்டையாக.

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். மஞ்சக் கம்பிய நீங்கதான எடுத்துக்கிட்டிய."

"அப்போ ஏண்டி சொல்லல? அவுரு கேட்டப்ப நீ சொல்லியிருக்கலாமே. ஏன் வாய மூடிகினு இருந்த?"

சுகப்பிரியா பையின் வாரைச் சரிசெய்துகொண்டே பேசினாள். குரலில் காரம் கொஞ்சமும் இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிற குரல். "நான் சொன்னா ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கையக் காட்டுத மாதிரி ஆயிரும்லா. அதான் நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன். அந்தப் பாட்டப் பாடுதவுக எப்படிச் சொல்லாம இருப்பாவன்னு நெனச்சேன். எங்கம்மைட்டயும் போன்ல அப்படித்தான் சொன்னேன், வேல போவாதும்மா, அக்கா சொல்லிருவாவன்னு."

சந்திரம்மாள் தரையைப் பார்த்தாள்.

"புதன்கிழம நீங்க சார்ட்ட போனியல்லா, அன்னைக்கு நெனச்சேன். கையுறையோட வந்திய. நேத்து பஸ்ஸுல பாட்டப் பாதியில நிறுத்துனிய. சரி, இந்தா சொல்லப்போறாவன்னு நெனச்சேன்க்கா. எந்திரிக்கணும்னு பைய மடியிலருந்து கீழ வச்சிட்டேன்." ஆட்டோ வருகிறதா என்று அவள் ரோட்டைப் பார்த்தாள். "நீங்க திரும்பப் பாட ஆரம்பிச்சிட்டிய."

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பையின் இன்னொரு காதைப் பிடிக்கச் சந்திரம்மாள் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்க்கா, நானே தூக்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, சுகப்பிரியா பையை எடுத்துக்கொண்டு ஏறினாள்.